வாங்கன்னு ஒரு வார்த்தை

தங்கறதுக்கு இடமா? என்கிட்டயா கேக்கறீங்க? நல்ல ஆளைப் பிடிச்சீங்க போங்க.

உக்காருங்கக்கா. இந்தத் திண்டிலேயே உக்காருங்க. துடைச்சுட்டு உக்காருங்க, மேலே காக்கா இருக்குது. இந்த ஊர்க் காக்காவுக்குக்கூட மரியாதை தெரியாது.

நான் வலியப் போய் யார்கிட்டயும் பேசறவ இல்லை. எங்க ஊரில் போய் என் பேரைச் சொன்னா, "யாரு, அந்த ஊமைக்கோட்டானா?"ன்னுதான் கேப்பாங்க. நீங்க மூலனூர்ன்னு சொன்னீங்களா, அந்தப் பேச்சைக் கேட்டதும் வாய் தானாத் திறந்துக்கிச்சு. எங்களுக்குத் தாராபுரத்துக்குப் பக்கம்தான். உங்க பொண்ணுக்கும் காதுதானா? நாளைக்குத்தான் டாக்டரைப் பார்க்கணுமா? சரி, அப்போ இன்னிக்கே இடம் வேணும். நான் இந்த மெட்ராசில் மூணு இடத்தைப் பார்த்தவள். மூணும் ஒண்ணை ஒண்ணு தூக்கிச் சாப்பிடும்.

அதோ, பச்சைக் கவுன் போட்டுக் கல்லைப் பொறுக்கிட்டு இருக்குதே, அதுதான் என் பாப்பா. தன்விகா. காதுக்குப் பின்னாடி மிஷின் தெரியுதா? ஆபரேசன் பண்ணி வச்சாங்க. இப்போ கேக்குது. கேக்குது, ஆனா கேக்கறது என்னன்னு அதுக்கு இன்னும் தெரியாது. அதைப் பின்னால சொல்றேன்.

முதல் விசயம், சொந்தக்காரங்க வீட்டுக்கு மட்டும் போயிடாதீங்க. அதுக்கு இந்த ரோட்டோரத்தில் துண்டை விரிச்சுப் படுத்துக்கலாம்.

எங்க ஊரில் மெட்ராசைக் கண்ணால் பார்த்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஆனா மெட்ராசில் எங்கே தங்கணும்னு சொல்லத் தெரியாதவங்க ஒருத்தர் கிடையாது. எங்க வீட்டுக்காரர் கொப்பரைக் களத்தில் வேலை பார்க்கறார். களத்து முதலாளியம்மா சொன்னாங்க, "லாட்ஜில் தங்கு. ஏசி ஓடுதான்னு மட்டும் பாத்துக்கோ." அவங்களுக்கு என்ன, கொப்பரை நிழலில் காயுதுன்னு நினைச்சுட்டு இருக்கிற பொம்பளை. எங்க மாமியார் குதிச்சாங்க. "நம்ம சாந்தாமணி அங்கே குடியிருக்கறப்போ லாட்ஜா? ஊர் என்ன பேசும்?" ஊர் என்ன பேசும்ங்கறதைத் தவிர எங்க மாமியாருக்கு உலகத்தில் வேற கவலை இல்லை. எனக்கு அப்படிப்பட்ட ஆளுங்களைக் கண்டாலே பிடிக்காது.

சாந்தாமணிங்கறது எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா மகள். எனக்கு நங்கை, நாத்தனார் முறை. என் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்தது. பட்டுப்புடவை மடிப்புக் கலையாம ஓரமா நின்னாங்க, மெட்ராசுக்காரங்கன்னு எல்லாரும் எட்டிப் போய் நின்னு பார்த்தாங்க. அவங்க வீட்டுக்காரர் பால் வண்டி ஓட்டறவர். அது எங்களுக்கு அப்போ தெரியாது. மெட்ராசில் இருக்காங்கன்னா மாடி வீடு, காருன்னுதானே நினைப்போம்?

வெறுங்கையோட போக முடியுமா? தேங்காய், நிலக்கடலை, நாட்டுச் சர்க்கரை, ஒரு தூக்கு நெய், முருங்கைக்காய் ஒரு கட்டு. மூட்டையைத் தூக்கி ரயிலில் வைக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. "எதுக்கு இத்தனை?"ன்னார். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல"ன்னேன்.

முறை. அதுதான் அக்கா எல்லாம். நம்ம பக்கத்தில் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? வாசலுக்கு ஆள் வந்தா 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். நாலு பேர் வந்தா நாலு பேரையும் தனித்தனியாக் கேக்கணும். எங்கப்பனும் சித்தப்பனும் இதுக்காகத்தான் பேச்சை விட்டாங்க. என் காதுகுத்துக்கு எங்கப்பன் பந்தல் கால் மேலே ஏறி வாழைமரம் கட்டிட்டு இருந்தார். கயிறு பல்லில் இருந்தது. அந்நேரம் சித்தப்பன் வந்து நின்னார். எங்கப்பன் தலையை ஆட்டினார், வாயால் கேக்கலை. சித்தப்பன் அப்படியே திரும்பிப் போனவர்தான். நடுவில் பெரியவங்க போய்ச் சமாதானம் பேசினாங்க. "பல்லில் கயிறு இருந்துச்சப்பா"ன்னாங்க. "கயிறைத் துப்பிட்டுக் கேக்கறது"ன்னார் சித்தப்பன். நியாயம்தானே? இன்னிக்கு வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்துக் கிடையாது. நாங்க அப்படிப்பட்ட குடும்பம்.

இதை மனசில் வச்சுக்கிட்டு மேலே கேளுங்க.

ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோக்காரன் வாயைக் கேட்டு, ஒரு சந்துக்குள்ள போனோம். சந்துன்னா எப்படி, ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் சுவரில் ஒட்டிக்கணும். எங்க ஊரில் மாட்டுக்கொட்டாயிக்கே இதைவிட வழி அகலமா இருக்கும். அதில் ஒரு இரும்புப் படி. மூட்டையும் பாப்பாவுமா மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டினா, நங்கை திறந்தாங்க.

திறந்தவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? வாயில் விரலை வச்சாங்க. இப்படி. அப்புறம் கையை இப்படி ஆட்டினாங்க, உள்ளே உள்ளேன்னு. கோழியைக் கூண்டுக்குள்ள அடைக்கற மாதிரி.

அவ்வளவுதான் அக்கா. வாங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. என்னையும் கேக்கலை, அவரையும் கேக்கலை, இந்தப் பச்சைக் குழந்தையையும் கேக்கலை.

எங்க வீட்டுக்காரர் செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போயிட்டார். அவருக்கு இதெல்லாம் உறைக்காது. நான் வாசற்படியிலேயே நின்னேன். நங்கை என் கையைப் பிடிச்சு இழுத்து உள்ளே விட்டாங்க. கையைப் பிடிச்சு இழுத்தா வாங்கன்னு கேட்ட மாதிரி ஆயிடுமா?

உள்ளே போனா, வீடு அதோட முடிஞ்சு போச்சு. ஒரே அறை. அதைச் சேலையைக் கட்டி ரெண்டாக்கி வச்சிருக்காங்க. சேலைக்கு அந்தப் பக்கம் அவங்க வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, காலை நீட்டித் தூங்கிட்டு இருக்கார். வெயில் ஏறின நேரம். நங்கை என் காதுக்குள்ள வந்து சொல்றாங்க, "ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு இப்பத்தான் கண்ணு படுத்தாங்க. தூக்கம் கலைஞ்சா மறுபடி வராது. வண்டியில் கண் அசந்துட்டா என்னாகறது?"

சரி, ஓட்டட்டும். எங்க ஊரில் ராத்திரி பூரா வயலுக்குத் தண்ணி கட்டிட்டு வந்து படுத்தவர்கூட, வீட்டுக்கு ஆள் வந்தா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிட்டு வாங்கன்னு கேட்டுட்டு, அப்புறம் போய்ப் படுப்பார். இவருக்குப் பால் வண்டி. பால் என்ன, விமானமா?

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். பாத்திரத்துக்கு அடியில் துணி போட்டு வைக்கறாங்க, சத்தம் வரக்கூடாதுன்னு. குக்கர் வைக்கறதில்லை, விசில் அடிக்குமாம். டிவி ஒண்ணு இருக்குது, அதுக்கு மேலே பூ வச்ச துணி. பேசறதெல்லாம் காதோட காதா. எனக்கு என்னவோ திருட்டு வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருந்தது.

கீழே ஒரு பாய் விரிச்சிருந்தாங்க. புதுப் பாய். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கலை. பாருங்க, உங்களுக்காகக் காசு போட்டு வாங்கினேன்னு காட்டறதுக்கு. பாப்பா குளிக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதுவும் புதுசு, அதிலும் சீட்டு. நான் கொண்டுபோன மூட்டையைப் பிரிச்சாங்க. முருங்கைக்காயை எடுத்து மூக்கில் வச்சு மோந்து பார்த்தாங்க. ரொம்ப நேரம் மோந்தாங்க. வாடிப் போச்சான்னு சோதிக்கறாங்க! நான் விடியறதுக்கு முன்னால பறிச்சுக் கட்டின காய். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துடுச்சு. அவங்களுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அது, முன்னால வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாங்கல்ல, அதனால.

இதில் பெரிய வேடிக்கை இந்தப் பாப்பாதான். எங்க ஊரில் புதுசா யார் வந்தாலும் கத்தும். ஏன் கத்தாது? வர்றவங்க எல்லாரும் டாக்டராயிடுவாங்க. ஒருத்தர் கை தட்டுவார், ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி நின்னு தட்டை அடிப்பார், ஒருத்தி காதில் வாயை வச்சுக் கத்துவாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆத்தா வாயைத் திறந்தாத்தானே புள்ளைக்கு வாய் வரும்"ன்னு சிரிப்பாங்க. ஆளுங்களைக் கண்டாலே பாப்பா என் இடுப்பில் ஏறிக்கும். அந்தப் புள்ள, நங்கை கையை ஆட்டினதும், என் இடுப்பை விட்டு வழுக்கி இறங்கி நேரா அவங்க மடியில் போய் உக்காந்துக்கிச்சு. நங்கை விரலை மடக்கி, நீட்டி, மூக்கைத் தொட்டு என்னவோ பண்ணினாங்க. இதுவும் பண்ணுது. சத்தமே இல்லாம ரெண்டு பேரும் சிரிக்கறாங்க.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

நான் பச்சைத் தண்ணி குடிக்கலை. வாங்கன்னு கேக்காத வீட்டில் எப்படிக் குடிக்கறது? சோறு போட்டாங்க, வயிறு சரியில்லைன்னுட்டேன். எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை ரசம் வாங்கிக் குடிச்சார், வெக்கம் இல்லாம. நான் கண்ணைக் காட்டினேன். "என்ன?"ன்னு வாய்விட்டுக் கேட்டார். நங்கை விரலை வாயில் வச்சாங்க.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தாத்தான் சௌகரியம்னு சொல்லி, சாயங்காலத்துக்குள்ள கிளம்பிட்டோம். நான் சொல்லலை, அவரைச் சொல்ல வச்சேன். எனக்கு எங்கே அதெல்லாம் சொல்ல வரும்? நங்கை சந்து முனை வரைக்கும் எங்க பையைத் தூக்கிட்டு வந்தாங்க. தெருவுக்கு வந்ததும் குரல் வருது! "இருந்துட்டுப் போலாம்ல கண்ணு? ஏதாச்சும் குறை வச்சுட்டனா?"

போகும்போது வாய் திறக்குது பாருங்க. வரும்போது எங்கே போயிருந்தது?

ஆட்டோவில் ஏறினதும் எங்க வீட்டுக்காரர் கேட்டார், "உனக்கு என்ன பிரச்சினை?" ஒண்ணுமில்லைன்னேன். இதையெல்லாம் ஆம்பளைக்கு எடுத்துச் சொல்லணுமா?

அடுத்தது லாட்ஜு. இந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி தெருவில் எதிரும் புதிருமா ரெண்டு இருக்குது. வலது பக்கத்தில் இருக்கறது சுத்தமா இருந்தது, வாசலில் தண்ணி தெளிச்சிருந்தாங்க. ஆனா அங்கே இருந்தவன் செல்லைப் பார்த்துட்டே, "எத்தனை பேர்?"ன்னான். தலையைத் தூக்கலை. இடது பக்கத்து லாட்ஜில் ஒருத்தர் வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க சார், வாங்கம்மா, வா பாப்பா!" மூணு பேரையும் தனித்தனியாக் கேட்டார் அக்கா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இங்கேதான்னு எங்க வீட்டுக்காரர் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்.

சிரிக்காதீங்க. அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தின பிறகுதான் தெரிஞ்சுது. மெத்தை விரிப்பில் யாரோ சாப்பிட்ட சாம்பார் கறை. குழாயில் தண்ணி வராது, சுவரில் வரும். பக்கத்து அறையில் டிவி ஓடுது, எதிர் அறையில் சீட்டாட்டம், கீழே ஜெனரேட்டர். தூங்கினதே எங்க பாப்பா மட்டும்தான். அதுக்கு அப்போ எதுவும் கேக்காதே. அன்னிக்கு ஒரு நாள் அது எனக்குப் பெருமையாக்கூட இருந்தது.

அங்கேயே இருந்துக்கிட்டு டெஸ்ட் எல்லாம் எடுத்தோம். அப்புறம் களத்தில் இருந்து போன் மேல போன், எங்க வீட்டுக்காரர் கிளம்பணும். வாங்கம்மா வாங்கம்மான்னு கூப்பிட்டாரே அந்த மனுசன், அவர்தான் சொல்றார், "ஆம்பளை இல்லாம லேடீஸ் தனியாத் தங்கறதுக்கு நாங்க ரூம் தர்றதில்லை." அதையும் சிரிச்ச முகத்தோடதான் சொன்னார். நான் பாப்பாவைத் தூக்கிட்டு, தரையைப் பார்த்துட்டு நின்னேன். "அக்கா வீட்டுக்கே போயிடு"ன்னார் எங்க வீட்டுக்காரர். போகமாட்டேன்னு தலையை மட்டும் ஆட்டினேன்.

மூணாவதுதான் இந்தத் தர்மக் கூடம். அதோ, மஞ்சள் பெயிண்டு அடிச்ச கட்டடம். வெளியூர் நோயாளிங்க தங்கறதுக்குன்னு யாரோ நல்லவங்க கட்டி வச்சது. நல்லவங்கதான், குறை சொல்லக்கூடாது. வாசலில் ஒரு அம்மா நிப்பாங்க, வர்றவங்க போறவங்க எல்லாரையும் "வாங்க வாங்க வாங்க"ம்பாங்க. தபால்காரரையும் வாங்கம்பாங்க, நாயையும் வாங்கம்பாங்க. வரிசையாப் பாய். தலைமாட்டில் மைக் செட்டு. காலையில் பாட்டு, மத்தியானம் பாட்டு, நடுவில் அறிவிப்பு. சாப்பாடு கொடுக்க ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் வருவாங்க. தட்டை நம்ம கையில் கொடுப்பாங்க, ஆனா விடமாட்டாங்க. போட்டோ எடுத்து முடிக்கற வரைக்கும் அவங்க ஒரு பக்கம் நாம ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். "கொஞ்சம் சிரிங்கம்மா"ம்பாங்க. ஒரு தடவை அப்படி நின்னு நின்னு பாப்பா தட்டுக்குள்ளயே தலையை விட்டுச் சாப்பிட ஆரம்பிச்சுடுச்சு. அந்தப் போட்டோதான் நல்லா வந்துச்சாம்.

ஆபரேசன் அங்கே இருக்கும்போதுதான் நடந்தது. எங்க வீட்டுக்காரர் வந்தார். நங்கையும் வந்தாங்க. யார் சொன்னதோ, எங்க மாமியாராத்தான் இருக்கும். தூக்குப் பாத்திரத்தில் ரசம் சாதம். தியேட்டருக்கு வெளியே உக்கார இடம் இல்லை. எனக்கு ஒரு நாற்காலி கிடைச்சது, அவங்க பொழுதுக்கும் சுவரில் சாஞ்சு நின்னாங்க. பார்க்கறவங்க பார்த்து அய்யோ பாவம்னு சொல்லட்டும்னு.

நான் வாங்கன்னு கேட்டனான்னுதானே நினைக்கறீங்க? கேக்கலை. ஆஸ்பத்திரியில் யாரையும் வாங்கன்னு கேக்கக்கூடாதே! கெட்ட இடத்துக்கு ஆளைக் கூப்பிடற மாதிரி ஆயிடும். அது முறை. எனக்கு முறை தெரியும். தெரியாதவங்களைப் பத்தித்தானே பேசிட்டு இருக்கேன்.

மயக்கம் தெளிஞ்சு பாப்பா தலைக்கட்டோட கத்துச்சு பாருங்க. அப்பன் தூக்கினார், நிக்கலை. நான் தூக்கினேன், நிக்கலை. நங்கை கட்டில் ஓரத்தில் உக்காந்து, மூக்கைத் தொட்டு, விரலை மடக்கி, அந்தக் கோமாளித்தனத்தை ஆரம்பிச்சாங்க. விக்கி விக்கி நிறுத்திடுச்சு. அன்னிக்கிருந்து அவங்க வந்துட்டே இருக்காங்க. வீட்டுக்காரர் படுத்துத் தூங்கினதும் கிளம்பி ரெண்டு பஸ் மாறி வந்துடறாங்க. எனக்கு ஒரு வார்த்தை பேசப் பிடிக்காது. அவங்களும் பேசமாட்டாங்க. பழக்கமே போயிடுச்சு போல. பாப்பாவுக்கு நடுவில் உக்கார்ந்து ரெண்டு பேரும் பேசாம இருப்போம்.

சரி, இப்போ பின்னால சொல்றேன்னு சொன்னேனே, அதுக்கு வர்றேன். நீங்களும் தெரிஞ்சுக்க வேண்டியது.

ஆபரேசன் புண் ஆறினதும், மிஷினை மாட்டி முதல் தடவை சத்தத்தை விட்டாங்க. பாப்பா அப்படியே விறைச்சுப் போச்சு. அப்புறம் ஓடிப் போய் முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. என் முந்தானை இல்லை அக்கா. நங்கையோடது.

பேச்சுச் சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சரம்மா இருக்காங்க. உங்களுக்கும் அவங்கதான் வருவாங்க. கெட்டிக்காரங்க, ஆனா வாய் அதிகம். முதல் நாளே என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஏம்மா, மிஷினை மட்டும் மாட்டிட்டா அது கம்மல் மாதிரிதான். ஒரு வருசமாவது இங்கேயே இருந்து பயிற்சி எடுக்கணும். வீட்டிலும் நீங்க பேசிட்டே இருக்கணும். சோறு ஊட்டினா சோறு ஊட்டறேன்னு சொல்லணும், கை கழுவினா கை கழுவறேன்னு சொல்லணும். நீங்க என்ன, வாயே திறக்க மாட்டேங்கறீங்க?"

எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. பத்துப் பேர் பார்க்க எப்படி அக்கா பேசறது? அந்தக் கூடத்தில் உக்காந்து, "பாப்பா, அம்மா கை கழுவறேன், பாப்பா, அம்மா பாயைச் சுருட்டறேன்"னு பேச முடியுமா? சுத்தி இருக்கறவங்க பைத்தியம்னு நினைக்க மாட்டாங்க? ஒரு நாள் போர்வைக்குள்ள அதையும் இழுத்துப் போட்டுக்கிட்டுப் பேசிப் பார்த்தேன். மேலே மைக் செட்டில் பாட்டுப் போட்டுட்டாங்க. பாப்பா மிஷினைப் பிடுங்கி எறிஞ்சிடுச்சு.

டீச்சரம்மாகிட்டச் சொன்னதுக்கு, "அந்த இடமெல்லாம் சரிப்படாது. சத்தமே இல்லாத வீடா இருக்கணும். டிவி ஓடக்கூடாது, குக்கர் அடிக்கக்கூடாது, காதுக்குப் பக்கத்தில் உக்காந்து மெதுவா, தெளிவாப் பேசணும். கத்தவே கூடாது. அப்படி ஒரு வீடு பாருங்க"ன்னாங்க.

மெட்ராசில் சத்தமில்லாத வீடாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தம்மா எந்த ஊரில் இருக்காங்கன்னு நினைச்சேன்.

"இங்கே உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"ன்னாங்க. நான் தரையைப் பார்த்தேன். இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்தில் உக்காந்திருந்த நங்கை முந்திக்கிட்டாங்க. "வீடு இருக்குதுங்க மேடம்"ன்னாங்க.

அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. என்னைக் கேக்கலை. அப்பவும் என் பக்கம் திரும்பி வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. இருக்குதுங்கன்னு டீச்சரம்மாகிட்டச் சொல்லிட்டாங்க.

கூடத்தில் மிஷின் மாட்டற வரைக்கும்தான் இடம். மாட்டியாச்சுன்னா சில நாளில் காலி பண்ணணும், அடுத்த குழந்தை காத்திருக்கும். இன்னிக்குக் காலையில் அந்த வாங்க வாங்க அம்மா வந்து, அதே சிரிப்போட என் பாயைச் சுருட்டி வச்சுட்டுப் போனாங்க. அதான் மூட்டையோட இங்கே உக்காந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் போனில் சொல்றார், "அக்கா சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போவாங்க, பேசாம போ." பேசாம போவாம். நான் எப்போ பேசினேன்? எனக்கு ராத்திரி தாராபுரம் பஸ்ஸில் ஏறிடலாமான்னுதான் இருக்குது. ஏறிட்டா பாப்பாவுக்கு அது கம்மல்தான். ஊரில் திரும்பவும் தட்டைத் தூக்கிட்டு அடிக்க வருவாங்க. இப்போ அதுக்குக் கேக்குமே அக்கா. அத்தனை சத்தமும் கேக்கும்.

நான் ஒண்ணு முடிவு பண்ணி வச்சிருக்கேன். அவங்க வரட்டும். வந்து என் எதிரில் நின்னு, வாயைத் திறந்து, வாங்கன்னு கேக்கட்டும். இது ஒண்ணும் தூங்கற வீடு இல்லை, நடுரோடு. கேட்டா எழுந்திருக்கறேன். கேக்கலைன்னா தாராபுரம் பஸ். எங்க சித்தப்பன் ரத்தம்தானே எனக்கும்?

என்னக்கா? எங்கே? அட, ஆமா. ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம், பழக்கடைக்கிட்ட, நீலப் புடவை. அவங்கதான். ரோட்டைத் தாண்ட முடியாம நிக்கறாங்க. பாருங்க, பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்களே. கையை ஆட்டறாங்க பாருங்க! வாய் திறக்குதா? நடுவில் லாரி போகுது, பஸ் போகுது, இருக்கட்டுமே. கத்தினா கேக்காதா? லாட்ஜுக்காரன் கத்தலையா?

பாப்பா பார்த்துடுச்சு. கல்லைப் போட்டுட்டு அதுவும் கையை ஆட்டுது. அடி, ரோட்டுப் பக்கம் போகாதே! இங்கே வாடி! பார்த்தீங்களா, என் குரலுக்குத் திரும்பிப் பார்க்குது! பார்த்தீங்களா அக்கா? என் குரல்தான். நான் இப்போ கத்தினேனா? எல்லாரும் பார்க்கறாங்களா? பார்த்துட்டுப் போகட்டும்.

இப்போ என்னைக் கூப்பிடுது பாருங்க. விரலை மடக்கி, கையை ஆட்டி, வா வான்னு. எவ்வளவு அழகாக் கூப்பிடுது! ஒரு வார்த்தை வாயில் வரலை, ஆனா எனக்குப் புரியாதா? பெத்தவளுக்கு வாயால் சொல்லணுமா என்ன? என் புள்ள கூப்பிடுது, போறேன். வேற யாருக்காகவும் இல்லை.

அந்த மூட்டையைக் கொஞ்சம் தூக்கி விடுங்கக்கா. ம்ம், இடுப்பில் வச்சுக்கறேன்.

நீங்க அந்தக் கூடத்துக்கே போங்க, பாய் ஒண்ணு காலியாத்தான் இருக்கும். சொந்தக்காரங்க வீட்டுக்கு மட்டும் போயிடாதீங்க, சொல்லிட்டேன். இடம் எங்கேயும் கிடைக்கலைன்னா, பழக்கடைக்கு எதிரில் பஸ் ஏறி, கண்டக்டரைக் கேட்டு நடுவில் ஒரு பஸ் மாறி, மார்க்கெட் ஸ்டாப்பில் இறங்கி, பால் பூத்துச் சந்துன்னு கேளுங்க. இரும்புப் படி. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டும் விளையாடும். படியேறும்போது மட்டும் செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கோங்க, சத்தம் கேட்டா அண்ணன் எழுந்துடுவாங்க. கதவைத் தட்ட வேண்டாம். நான் எட்டிப் பார்த்துட்டே இருப்பேன். கையைக் காட்டுவேன், பேசாம உள்ளே வந்துடுங்க.